அடைப்புக்குறிக்குள்ள என்ன போடுறது?

பெரியம்மா செத்த அன்று எனக்குத் தரப்பட்ட வேலை, மரண அறிவித்தல் எழுதுவது. "நீதானே கம்பசில தமிழ் படிக்கிறாய், எழுது" என்று மாமா ஒரு கொப்பியையும் பேனையையும் தந்துவிட்டு, பந்தல் போட வந்த ஆக்களோடு கதைக்கப் போய்விட்டார். பத்து மணிக்கு முதல் அச்சகத்துக்கு அனுப்பினால்தான் நோட்டீஸ் பின்னேரம் கைக்கு வரும்.

உண்மையைச் சொன்னால், மரண அறிவித்தல் எழுதப் பெரிய தமிழ் ஒன்றும் தேவையில்லை. வசனமெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கும். காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் அன்புத் தாயாரும் என்று போகும். நாங்கள் பெயர்களை நிரப்பினால் சரி. பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவர்கள் இருக்கிற இடம் வரும். மூத்தண்ணாவுக்குக் கனடா என்று போட்டேன். அக்காவுக்குத் தருமபுரம். மூன்றாவது சின்னண்ணா. அதில் பேனை நின்றுவிட்டது.

சின்னண்ணாவை எங்கள் ஆக்கள் கடைசியாகக் கண்டது 2009 மே மாதம், வட்டுவாகல் பாலத்தடியில். அப்போது அவருக்குப் 19 வயது. எனக்கு ஆறு. அந்தச் சனத்துக்குள் பிரிந்தவரைப் பிறகு ஒருவரும் காணவில்லை. பெரியம்மா 16 வருசம் தேடினார். காலஞ்சென்றவர் என்று எழுதினால் அந்த 16 வருசத்தையும் நான் ஒரு சொல்லால் வெட்டிவிடுவேன். இருக்கிற பிள்ளைகளோடு சேர்த்து எழுதினால் அடைப்புக்குறிக்குள் ஒரு ஊர் வேண்டும். "காணாமல் ஆக்கப்பட்டவர்" என்று போடலாமா என்று யோசித்தேன். அது ஊர் இல்லையே. செத்துப்போன தாயின்ர நோட்டீசில் மகனுக்கு விலாசமாக அதைப் போட எனக்கு மனம் வரவில்லை.

நான் எழுத வந்தது அந்த அடைப்புக்குறியைப் பற்றித்தான்.

செத்தவீடு என்றால் என்ன என்று எனக்கு அந்த இரண்டு நாளில்தான் கொஞ்சம் விளங்கியது. சின்ன வயதில் இருந்து எத்தனையோ செத்தவீட்டுக்குப் போயிருக்கிறேன், ஆனால் வீட்டுக்காரனாக நின்றதில்லை. மரண உதவிச் சங்கத்தில் இருந்து கதிரையும் தறப்பாளும் வந்தன. பக்கத்து வீட்டில் இருந்து தேத்தண்ணி வந்துகொண்டே இருந்தது. நாங்கள் கேட்காமலே பெடியள் றோட்டில் வெள்ளைக்கொடி கட்டினார்கள். கலியாணத்துக்குச் சொல்லாவிட்டால் மாசக்கணக்கில் கோவிக்கிற சனம், செத்தவீட்டுக்குச் சொல்லாமலே வருகிறது. பெரியம்மாவோடு ஐந்து வருசமாகக் கதைக்காமல் இருந்த ஒரு மாமி முதல் ஆளாக வந்து விளக்கடியில் இருந்துவிட்டார். இரவு முழித்திருக்க வந்த ஆக்கள் முத்தத்தில் 304 விளையாடினார்கள். முந்தி எனக்கு அது மரியாதையில்லாத வேலையாகத் தெரிந்தது. இந்தமுறை அந்தக் காட்ஸ் சத்தம் இல்லாவிட்டால் அந்த இரவைத் தாண்டியிருக்கமாட்டோம் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலை இருந்தது. சுண்ணம் இடிக்க ஆள், திருப்பொற்சுண்ணம் பாட ஆள், வாய்க்கரிசி போட ஆள், பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள். அழுகிறதுக்கும் நேரம் இருக்கிறது, அழுகையை நிப்பாட்டி அடுத்த வேலைக்குப் போகிறதுக்கும் நேரம் இருக்கிறது. பிறகு காடாத்து, எட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, வருசம் முடிய ஆட்டத்திவசம். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆன்மா எங்கே போகிறது என்று அந்த முத்தத்தில் ஒருவரும் ஐயரைக் கேட்கவும் இல்லை. சமயம் அன்றைக்கு எங்களுக்குத் தந்தது பதில் இல்லை, கவலைக்கு ஒரு நேரசூசி. இன்றைக்கு இதைச் செய், எட்டாம் நாள் அதைச் செய், ஒரு வருசத்தில் நீ திரும்பக் கலியாணவீட்டுக்குப் போகலாம் என்று அது சொல்கிறது. மனிசரைக் காப்பாற்ற அது பெரிய விசயம்.

இதற்குள் இன்னொன்றையும் கண்டேன். பெட்டியடியில் இருந்து அழுத பெண்களில் கனபேர் பெரியம்மாவுக்காக மட்டும் அழவில்லை. பெரியம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தங்களுடைய பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழுதார்கள். "உவளாவது போய்ச் சேர்ந்திட்டாள், நான் ஆரிட்டக் கேட்பன்" என்று ஒரு அம்மா தலையில் அடித்தார். எனக்கு முதலில் ஆச்சரியம். பிறகு யோசித்தால், அவர்களுக்கு வேறு எங்கே வாய்விட்டு அழ இடம் இருக்கிறது? தங்கள் பிள்ளைக்குச் செத்தவீடு நடக்கவில்லை. மற்றவர்களின் செத்தவீட்டில்தான் இரவலாக அழவேண்டியிருக்கிறது. வன்னியில் இன்றைக்கும் ஒவ்வொரு செத்தவீட்டிலும் பெட்டியில் கிடக்கிறவரோடு சேர்த்து இன்னும் சில பேருக்கு அழுகை நடக்கிறது.

செத்தவீடு நடக்காத வீட்டுக்கு அந்த நேரசூசியும் இல்லை. எங்கள் ஆக்களின் சமய வாழ்க்கை முழுக்கச் செத்தவர், இருப்பவர் என்ற ஒரு கோட்டில்தான் நிற்கிறது. தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் இருப்பார்கள், தாய் இல்லாதவர்கள் சித்திரா பௌர்ணமிக்கு. ஆடி அமாவாசை அன்று காத்தோட்டிக்காய்க் கறி சமைக்கிற வீட்டையும் சமைக்காத வீட்டையும் வைத்தே ஆருக்குத் தகப்பன் இல்லை என்று சொல்லலாம். ஆனால் தகப்பன் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை என்ன செய்வது? என்னோடு படித்த ஒருவன் வருசாவருசம் அந்த நாளில் சாப்பிடவும் மாட்டான், விரதம் என்று சொல்லவும் மாட்டான். "பசிக்கேல்ல" என்று மட்டும் சொல்வான். தாலியைக் கழற்றாமல், பொட்டை அழிக்காமல் 16 வருசமாக இருக்கிற பெண்களைப் பார்த்து, ஊர் முன்னுக்கு ஒரு மாதிரியும் பின்னுக்கு ஒரு மாதிரியும் கதைக்கிறது. போர்க்காலங்களில் காணாமல்போனோர் என்று இலங்கையில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் குடும்பங்கள் பதிந்த எண்ணிக்கை மட்டும் 16,000க்கு மேல். அவ்வளவு வீடுகள் இந்தக் கோட்டிலேயே நிற்கின்றன.

சமயத்தில் இதற்கு வழி இல்லை என்றும் சொல்லமுடியாது. உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையால் உருவம் செய்து அதற்குக் கிரியை செய்கிற முறை சைவத்தில் பழைய காலத்தில் இருந்தே இருக்கிறது. சில வருசங்களுக்கு முன்னம் சொந்தத்துக்குள் ஒருவர் பெரியம்மாவிடம் இதைச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். பெரியம்மா கத்தவில்லை, அழவில்லை. "அப்ப நான் என்ர கையால அவனைக் கொல்லுறதோ?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தர்ப்பைக் கதை எடுபடவில்லை.

அவர் பக்தி இல்லாதவர் என்று நினைக்கவேண்டாம். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகாமல் விட்ட வருசம் இல்லை. முல்லைத்தீவுக் கடலில் உப்புத்தண்ணி எடுத்து விளக்கெரிக்கிற கோயில் அது. மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறி வந்து இருந்த இடங்களில் ஒன்று என்று ஐதீகம். பெரியம்மாவின் நேர்த்தி ஒன்றே ஒன்றுதான்: அவன் வரவேண்டும், இல்லையென்றால் என்ன நடந்தது என்றாவது தெரியவேண்டும். சிலப்பதிகாரம் பாடத்துக்குப் படிக்கும்போது எனக்கு ஒரு விசயம் தட்டுப்பட்டது. கண்ணகி அரசனிடம் போய்க் கேட்டதற்கு முதல், வெட்டுண்டு கிடந்த கோவலனின் உடலைக் கண்டாள், தழுவி அழுதாள். அதற்குப் பிறகுதான் சிலம்போடு அரண்மனைக்குப் போனாள். எங்கள் அம்மாமாருக்கு அந்த முதல் படியே கிடைக்கவில்லை. உடலைக் காணாமலே கேள்வி கேட்கவேண்டியவர்கள் இவர்கள். கண்ணகியை விடக் கஷ்டமான இடத்தில் நின்றுகொண்டு கண்ணகியிடமே நேர்த்தி வைக்கிறார்கள்.

இப்படியான இழப்புக்கு அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் 1970களில் ஒரு பெயர் வைத்தார். தமிழில் தெளிவற்ற இழப்பு என்று சொல்லலாம். வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் மனைவிமாரோடு கதைத்துத்தான் அவர் அதைத் தொடங்கினார். அவர் சொல்கிறதில் எனக்குப் பிடித்தது, இந்தக் குடும்பங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, வருத்தம் அவர்கள் மாட்டுப்பட்ட நிலைமையில்தான் இருக்கிறது என்பது. நாங்கள் மாறி விளங்கிவைத்திருக்கிறோம். அம்மாவுக்கு மனநிலை சரியில்லை, கவுன்சிலிங் குடுத்தால் சரி என்று நினைக்கிறோம்.

அரசாங்கங்களும் தங்கள் பங்குக்கு அடைப்புக்குறியை நிரப்பப் பார்த்தன. 2016இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணக்கிடைக்கவில்லை என்று சொல்லும் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். காணி உறுதி, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் அலுவல்களுக்கு அது உதவும், அதை நான் குறைசொல்ல வரவில்லை. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் அதே வருசம்தான் வந்தது. பிறகு 2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமல்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், விசாரணைக்குப் பிறகு மரணச் சான்றிதழ் வழங்கப்படும் என்று ஐ.நா. அதிகாரியிடம் சொன்னார். செத்தவீடு நடத்துகிற ஊருக்குத் தெரிந்த ஒரு சின்ன விசயம் அந்தப் பேச்சில் இல்லை. ஒருவர் செத்துப்போனார் என்று சொல்கிறவர் எப்போது, எங்கே, எப்படி என்றும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் வெறுமனே "செத்திட்டார்" என்று சொல்லிவிட்டுப் போகமுடியாது. சனம் படலையில் மறித்து என்ன நடந்தது என்று கேட்கும்.

2023 ஜூன் கடைசியில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் தண்ணிக் குழாய் போட வெட்டிய இடத்தில் மனித எலும்புகள் வந்தன. 2024 ஜூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. அந்த நாட்களில் பெரியம்மா செய்தி பார்க்கமாட்டார். ரீவியை நிப்பாட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவார். பிறகு இரவில் என்னைக் கூப்பிட்டு, "உடுப்பு என்ன நிறமாம்?" என்று மெதுவாகக் கேட்பார். தெரியவும் வேண்டும், தெரியவும் கூடாது. இரண்டும் ஒரே மனதில் இருக்கலாம் என்று நான் அப்போதுதான் அறிந்தேன்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. ஆர்ஜென்ரீனாவில் 1977 ஏப்ரல் 30இல் பிள்ளைகளைத் தேடிய தாய்மார் தலைநகரின் மே சதுக்கத்தில் கூடத் தொடங்கினார்கள். 1986இல் அவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பிரிவுக்கு ஒரு காரணம், புதைகுழிகளைத் தோண்டுவது பற்றிய கேள்வி. ஒரு பகுதியினர் எலும்பை வாங்கினால் வழக்கு முடிந்துவிடும், பொறுப்பானவர்கள் தப்பிவிடுவார்கள் என்றார்கள். மற்றவர்கள் பிள்ளையை எடுத்து அடக்கம் செய்யவேண்டும் என்றார்கள். அந்த இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசுசேனா வில்யாஃப்ளோரும் 1977 டிசம்பரில் காணாமல் ஆக்கப்பட்டார். அவருடைய எச்சங்கள் 2005இல்தான் அடையாளம் காணப்பட்டன. சாம்பலை அதே சதுக்கத்தில் புதைத்தார்கள். 28 வருசம் பிந்திய செத்தவீடு அது. ஆனால் நடந்தது.

எங்கள் ஊரிலும் இந்த இரண்டு பக்கமும் இருக்கிறது. அடுத்த ஒழுங்கையில் ஒரு அம்மா பல வருசத்துக்கு முன்னமே மகனின் படத்துக்கு மாலை போட்டுவிட்டார். "எனக்கு அவனுக்கு ஒரு பிடி சோறு படைக்கவேணும் போல கிடந்துது, அதுதான்" என்றார். அவரைத் துரோகி என்று சொன்ன வாய்களும் இருந்தன. பெரியம்மா அப்படிச் சொல்லவில்லை. அந்த வீட்டு ஆட்டத்திவசத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். மாலை போட்டதும் சரி, போடாமல் விட்டதும் சரி. அதைத் தீர்மானிக்கிற உரிமை அந்தத் தாய்க்குத்தான். அரசாங்கத்துக்கு இல்லை, மேடையில் பேசுகிறவர்களுக்கு இல்லை, எங்களுக்கும் இல்லை.

"எங்களுக்கும்" என்று எழுதியது காரணத்தோடுதான். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் அம்மாமார் கொட்டகை போட்டு இருந்தார்கள். அடுத்தடுத்து வவுனியா, முல்லைத்தீவு, மருதங்கேணி, திருகோணமலை என்று பரவியது. பெரியம்மா முழங்கால் நோவோடு போய் இருப்பார். நான் அப்போது பள்ளிக்கூடம். பிறகு கம்பசுக்குப் போகத் தொடங்கியதும் பஸ்சில் அந்தப் பக்கத்தால்தான் போய்வருவேன். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் நானே சொன்னேன்: "பெரியம்மா, இனிக் காணும், வீட்டில ஆறுதலா இருங்கோவன். எத்தினை வருசத்துக்கு?" அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "நீ கம்பசால வர ஒரு மணித்தியாலம் பிந்தினா கொம்மா படலையில நிக்கிறாள். நான் எவ்வளவு நேரம் நிக்கலாம் எண்டு நீயே சொல்லு, ராசா."

என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

எங்கள் வயதுக்காரரில் கனபேர் இதே கதையைக் கதைக்கிறோம். பழசைக் கிண்டி என்ன, முன்னேறுகிற வழியைப் பார்ப்போம் என்று. எனக்கும் வேலை வேண்டும், நாடு திருந்தவேண்டும், ஒவ்வொரு நாளும் மே 18 ஆக இருக்கமுடியாது. அதெல்லாம் நியாயம். ஆனால் காத்திருக்கிற ஒரு மனிசிக்கு "முடிச்சுக்கொள்" என்று சொல்கிறதும் முன்னேற்றமும் ஒன்றில்லை. அது எங்கள் மனப்பாரத்தைக் குறைக்க அவரிடம் கேட்கிற உதவி. செத்தவீட்டில் அழுகிற ஒருவரிடம் போய் "எப்ப நிப்பாட்டுவியள்?" என்று ஒருவரும் கேட்பதில்லை. பக்கத்தில் இருக்கிறோம். தேத்தண்ணி குடுக்கிறோம். அவ்வளவுதான் எங்கள் சனத்துக்குத் தெரிந்த மருந்து. அது வேலை செய்கிறது என்பதை இரண்டு நாள் நான் கண்ணால் கண்டேன்.

அந்தக் கொட்டகையையும் இப்போது நான் அப்படித்தான் பார்க்கிறேன். தறப்பாள், கதிரை, படம், விளக்கு, பெண்கள். செத்தவீட்டில் இருக்கிற எல்லாமே அதில் இருக்கிறது. செத்தவர் இல்லை, வந்து இருக்கிற ஊரும் இல்லை. யாரும் நோட்டீஸ் அடிக்காதபடியால் நாங்கள் போகவில்லை. செத்தவீட்டுக்குச் சொல்லாமலே போகவேண்டும் என்ற எங்கள் வழக்கம் அங்கே மட்டும் எடுபடவில்லை. தேடிக்கொண்டே இறந்துபோன பெற்றோர் நூற்றுக்கு மேல் என்று சங்கத்துக்காரர் சொல்லிவருகிறார்கள். அந்தக் கணக்கில் பெரியம்மாவும் ஒன்றாகிவிட்டார். அந்த அம்மாமாருக்கு என்ன தேவை என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஆய்வு தேவையில்லை. போய் இருந்தால் அவர்களே சொல்வார்கள். கதை கேட்கலாம். கடைசியாகக் கண்ட இடம், நாள், உடுப்பு, ஆர் பக்கத்தில் நின்றது என்று வடிவாக எழுதிவைக்கலாம். ஏனென்றால் அந்த விபரங்கள் அவர்களோடு சேர்ந்து சுடலைக்குப் போகின்றன. பெரியம்மாவிடம் நான் ஒன்றையும் எழுதி வாங்கவில்லை. தமிழ் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த நான், அவருடைய மரண அறிவித்தலைத்தான் எழுதினேன்.

அந்த நோட்டீசுக்கு வருகிறேன். பத்து மணிக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அக்கா வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மற்ற ரெண்டு பேருக்கும் ஊரை வெட்டு. மூண்டு பேற்ற பேரையும் வெறுமனே எழுது" என்றார். கனடா என்று இல்லாமல் நோட்டீஸ் வந்தது மாமாவுக்குப் பிடிக்கவில்லை. மூன்று பெயர்களும் ஒரே வரிசையில் அடைப்புக்குறி இல்லாமல் வந்தன.

தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்கவேண்டும். "என்ர கொள்ளி அவன்ர கையால" என்று பெரியம்மா அடிக்கடி சொல்வார். மூத்தண்ணாவால் வரமுடியவில்லை, வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் மகன்தான் கொள்ளிக்குடம் தூக்கினான். 15 வயது. சின்னமாமாவைப் படத்தில் மட்டும் கண்டவன். படலையடியில் பெண்கள் நின்றுவிட, நாங்கள் சுடலைக்குப் போனோம். வழியில் அவன் என்னிடம், "சின்னமாமா வந்தா நான் செஞ்சதுக்குக் கோவிப்பாரோ?" என்று கேட்டான். கோவிக்கமாட்டார் என்று சொன்னேன்.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கவேண்டும். அதையும் என்னிடம்தான் தந்திருக்கிறார்கள். இந்தமுறை சின்னண்ணாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அக்காவிடம் கேட்டு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன். எங்கே, எந்த நாள், என்ன உடுப்பு, ஆரோடு நின்றவர். இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், அவருடைய அம்மா இருக்கும்போதே அந்தப் பக்கத்தை எழுதிவிடுங்கள். பெப்ரவரி 20க்கும் ஆகஸ்ட் 30க்கும் அம்மாமார் றோட்டுக்கு வருவார்கள். அதற்கு யாரும் உங்களுக்குச் சொல்லி அனுப்பமாட்டார்கள். செத்தவீட்டுக்குப் போவதுபோலப் போங்கள்.